பண்டல் முடிச்சு

பதினாறு வயதில் செண்பகராஜுக்கு இரண்டு நடை இருந்தது. ஊருக்குள் தோளை அகட்டி, செருப்பைத் தேய்த்து, யாராவது வம்புக்கு வரட்டும் என்பதுபோல நடப்பான். கோவில்பட்டியில் பேருந்தை விட்டு இறங்கியதும் தோள் தானாக ஒடுங்கிவிடும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாகப் பள்ளிக்கூடம் போவான். முதல் நடை பெரியப்பா மகன் வெயிலுமுத்துவைப் பார்த்து வந்தது. இரண்டாவது, வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து வந்தது. மாலையில் ஹாக்கி மைதானத்தில் மட்டும் அவன் நடப்பதில்லை, ஓடுவான். அந்த ஓட்டத்தை யாரைப் பார்த்துக் கற்றாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

பேச்சும் அப்படித்தான். அப்பா சாமித்துரைக்கு முன்னால் வாய் திறப்பதில்லை. வாத்தியார் கேள்வி கேட்டால் புத்தகத்தில் இருக்கிற தமிழில் பதில் சொல்வான். ஊர்ப் பையன்களோடு கூடினால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கெட்ட வார்த்தை வந்து உட்காரும். தங்கை முத்துச்செல்வி ஒருத்திதான் இதைக் கவனித்துக் கேலி செய்தவள்.

“ஏண்ணே, காலைல பஸ்ஸுல ஏறுற ஆளும் சாயந்தரம் எறங்குற ஆளும் ஒண்ணுதானா?”

“ஏட்டி, வாய மூடு.”

“இது ஊருக் குரலு. இதையே பள்ளிக்கூடத்துக் குரல்ல சொல்லு, பாப்போம்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எந்தக் குரலைச் சேர்ந்தது என்று பிறகு யோசித்தான்.

ஆளுக்குத் தக்கபடி பேசுவது எல்லா வயதிலும் உண்டு. பெரியவர்களுக்கு அது சட்டை மாற்றுவது மாதிரி. எந்தச் சட்டையைப் போட்டாலும் உள்ளே உடம்பு ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறது. பதினாறு வயதில் அந்த நம்பிக்கை வந்திருப்பதில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் இருக்கிறது. அதனால் கழற்றுவதே இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

இது தொண்ணூற்றேழில் நடந்தது. அவன் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். அந்த வருடங்களில் அந்தப் பக்கம் ஊருக்கும் ஊருக்கும் ஆகாமல் இருந்தது. எங்கோ நடந்த வெட்டுக்கு இங்கே பேருந்துக் கண்ணாடி உடையும். பேருந்திலேயே பின் இருக்கைகள் ஒரு ஊருக்கு, முன் இருக்கைகள் இன்னொரு ஊருக்கு என்று ஆகியிருந்தன. நடத்துநர்கள் அதை ஏற்றுக்கொண்டு நடுவில் நின்றே சீட்டுக் கிழித்தார்கள்.

ஊரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள், வெயிலுமுத்து பையன்களை வரிசையாக உட்காரவைத்து வலது மணிக்கட்டில் கயிறு கட்டினான். இரண்டு நிறம் முறுக்கிய நூல்கயிறு. நிறங்களைச் சொன்னால் படிப்பவர் உடனே ஒரு பக்கம் போய் நின்றுகொள்வார். அதனால் வேண்டாம். முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு இறுக்கி, நுனியைத் தீக்குச்சியால் பொசுக்கிவிட்டான். “இது அத்து விழுந்தாத்தான் உண்டு. அவுந்து வராது. நம்ம பய எவன்னு தூரத்துல பாக்கும்போதே தெரியணும்லே.”

வெயிலுமுத்து பத்தாவதில் தோற்றவன். முரடன் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும். ஆனால் செண்பகராஜைச் சின்ன வயதில் தேள் கொட்டியபோது சைக்கிள் கேரியரில் வைத்துக் கோவில்பட்டி வரை மிதித்தவன் அவன்தான். போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே மிதித்தான். அந்தப் பாசத்தில் பொய் இல்லை. அந்தக் கயிற்றைக் கட்டியதும் அதே பாசம்தான். சிக்கலே அங்கேதான் இருந்தது.

ஹாக்கி மைதானத்தில் ராஜமணி சாருக்கு வேறு சட்டம். அவர் உடற்பயிற்சி ஆசிரியர். மெலிந்த ஆள், கத்த மாட்டார்.

“கயிறு கட்டுன கை ஸ்டிக்கத் தொடக் கூடாது. அவுத்துட்டு வாங்க. முடியாதுன்னா அந்தக் கையோட வீட்டுக்குப் போங்க.”

சில பையன்கள் வீட்டுக்குப் போனார்கள். செண்பகராஜ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய் முடிச்சைப் பல்லால் நெம்பினான். ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால், தொட்டியின் மறுமூலையில் இன்னொருத்தன் அதே மாதிரி குனிந்து தன் கையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“என்னலே, கரும்பா திங்குத?” என்றான் அவன்.

“நீ மட்டும் என்ன திங்குத?”

“நானும் அதத்தான். ஒன்னுது இனிக்கா?”

“கசக்கு.”

“எங்கூர்லயும் அதே கடதான் போல.”

அவன் பெயர் இசக்கிபாண்டி. அதே எட்டயபுரம் சாலையில், செண்பகராஜின் ஊருக்கு முந்தைய நிறுத்தம். பேருந்தில் முன் இருக்கைக்காரன். அவன் கயிற்றின் நிறம் வேறு. ஒருவன் கையை இன்னொருவன் பிடித்து, நகத்தாலும் பல்லாலுமாக இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்தார்கள். அவிழ்த்த பிறகுதான் சாயங்காலத்தைப் பற்றிய யோசனை வந்தது. கயிறு இல்லாமல் பேருந்து ஏறினால் கேள்வி வரும். தன் மணிக்கட்டில் தானே ஒற்றைக் கையால் முடிச்சுப் போட யாராலும் முடியாது.

ஆட்டம் முடிந்ததும் இசக்கிபாண்டிதான் வழி கண்டுபிடித்தான். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவான். தீப்பெட்டித் தொழிற்சாலையை அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே தீப்பெட்டிகளைத் தாளில் சுற்றிப் பண்டலாக நூலில் கட்டுவது அவன் வேலை.

“கையக் கொண்டா. இது பண்டல் முடிச்சு. லாரில போட்டு எறிஞ்சாலும் அவுந்து வராது. ஆனா இந்தா, இந்த நுனி இருக்குல்லா, இதத் தேடிப் பிடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல வந்துரும். காலைல பஸ்ஸவிட்டு எறங்கவும் நீயே அவுத்துக்கிடலாம்.”

அவன் நுனியை முடிச்சுக்குள்ளேயே சொருகி மறைத்தான். பிறகு தன் கையை நீட்டினான். அதே முடிச்சைச் செண்பகராஜ் போட்டுப் பழகச் சில நாள் ஆனது.

அதிலிருந்து தினமும் அது நடந்தது. காலையில் அவரவர் கயிற்றை அவரவர் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். மாலையில் ஆட்டம் முடிந்து, தொட்டிக்குப் பின்னால் ஒருவன் கையில் இன்னொருவன் கட்டிவிடுவான். இவன் ஊரின் கயிற்றை அவன் கட்டினான், அவன் ஊரின் கயிற்றை இவன் கட்டினான். கட்டிய பிறகு ஒருவன் முன்னால் போய்விடுவான். கொஞ்ச நேரம் விட்டு மற்றவன் போவான். பேருந்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. மைதானத்தில் “மாப்ள” என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். எல்லாப் பையன்களும் கூப்பிட்டுக்கொள்கிற வார்த்தைதான். ஆனால் அது கல்யாண உறவைச் சொல்கிற வார்த்தை. அதை இந்த இரண்டு பேரும் சாலையில் சத்தமாகச் சொன்னால் அன்றைக்கே ரத்தம் பார்த்திருக்கும்.

செண்பகராஜ் பெரிய ஆட்டக்காரன் என்று சொல்ல முடியாது. பந்தைத் தடுப்பான், நிறுத்துவான், நிமிர்ந்து பார்ப்பான். பார்க்கிற இடத்தில் இசக்கிபாண்டி இருப்பான். அவ்வளவுதான் அவனுடைய ஆட்டம். இசக்கிபாண்டி நல்ல ஆட்டக்காரன். அவன் கையில் ஸ்டிக் இருக்கும்போது, பந்து எங்கே போக வேண்டும் என்பதைப் பந்தே தீர்மானித்த மாதிரி இருக்கும். ராஜமணி சார் புகழ்கிற ஆள் இல்லை. ஒருநாள் மட்டும், மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னார்.

“வார வெள்ளிக்கெழம ஆட்டத்துக்கு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வாராங்க. சாப்பாடு, படிப்பு, தங்குறது எல்லாம் அங்கனயே. ஒங்க ரெண்டு பேரையும் ஜோடியா சொல்லியிருக்கேன். ஒருத்தன் இல்லாம இன்னொருத்தன எடுக்க மாட்டாங்க. கைய கால ஒடிச்சுக்கிடாம இருங்க.”

செண்பகராஜுக்கு வேலை, பதக்கம் எதுவும் அப்போது நினைவில் இல்லை. விடுதியில் கயிறு பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரே ஆளாக இருக்கலாம். இசக்கிபாண்டியைச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு மாப்ள என்று கூப்பிடலாம். அவன் வாழ்க்கையில் உண்மையாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அந்த வாரத்தில் முத்துச்செல்வி அவன் கையைப் பார்த்துவிட்டாள். அவளும் ஆபீஸுக்குப் போகிறவள், குச்சி அடுக்குகிறவள்.

“அண்ணே, இது எங்க ஆபீஸ் பண்டல் முடிச்சுல்லா? இத யாரு கட்டுனா?”

“நாந்தான்.”

“ஒத்தக் கையாலயா?” என்றாள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பண்டல் கட்டுறதுல நம்மூர் ஆளு ஒருத்தர்கூட கெடையாது. வெயிலுமுத்தண்ணன் கண்ணுல படாமப் பாத்துக்க.”

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கிணறுகள் நிறைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர்ப் பையன்கள் எல்லோரும் பம்புசெட்டுக் கிணற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பின் கட்டிய கயிறு செண்பகராஜின் கையில் அப்படியே இருந்தது. ஊரில் இருக்கும் நாளில் அதை அவிழ்க்க வேண்டிய தேவையும் இல்லை. மேலே ஏறும்போது, கடைசிப் படி இடிந்திருந்த இடத்தில், வெயிலுமுத்து குனிந்து கையைக் கொடுத்தான். செண்பகராஜின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். அவன் கட்டைவிரல் சொருகியிருந்த நுனியில் போய்ச் சிக்கியது.

ஒரே இழுப்புதான். கயிறு வெயிலுமுத்துவின் விரலில் தொங்கியது.

முதலில் அவன் சிரித்தான். “என்னலே இது, கோமணம் மாதிரி அவுந்து வருது.” சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு கயிற்றைப் பார்த்தான். “நான் போட்ட முடிச்சு இப்பிடி வராதே. நுனியப் பொசுக்கியிருந்தேன்லா? யாருலே அவுத்துக் கட்டுனா?”

“யம்மா கட்டுனா.”

“சின்னம்மையா? அவிய எதுக்கு அவுத்தாவ?”

ஆபீஸ் வேனில் கிளீனராகப் போகிற ஒருவன் கயிற்றை வாங்கி, அதில் பதிந்திருந்த மடிப்பைப் பார்த்தான். “அண்ணே, இது பண்டல் மடிப்பு. இத அந்த ஊர்க்காரனுவதான் போடுவானுவ.”

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டச் செண்பகராஜ் கிணற்று மேட்டில் நின்றான். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். எல்லோருமே அவனுக்குத் தெரிந்தவர்கள், கூடப் பிறந்த மாதிரி வளர்ந்தவர்கள். அவர்களிடம் பேசுவதற்கு அவனிடம் ஒரு குரல்தான் இருந்தது. தோளை அகட்டிய குரல். அந்தக் குரலில் ‘நான்தான் கட்டச் சொன்னேன்’ என்று சொல்ல முடியாது. அந்தக் குரலில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. அந்தக் குரலுக்கு வருகிற வாக்கியம்தான் வந்தது.

“கிரவுண்டுல ஒரு பய பிடிச்சு இழுத்து அவுத்துட்டாம்ணே. சார் வாராருன்னு பயந்து அவனே திருப்பிக் கட்டிவிட்டான்.”

“எந்தப் பய?”

“இசக்கிபாண்டி.”

அவன் சொன்னதில் கட்டிவிட்டது உண்மை. பெயரும் உண்மை. அந்த இடத்தை விட்டுத் தப்பிக்க இவ்வளவு போதும் என்றுதான் அவன் நினைத்தான். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை. வெயிலுமுத்து கோபப்படவும் இல்லை. “ஒன் மேல கைய வச்சிருக்கான். நீ வந்து எங்கிட்டச் சொல்லல, பாத்தியா” என்று வருத்தத்தோடு சொன்னான். செண்பகராஜின் தலையைத் தன் துண்டால் துவட்டிவிட்டான். பழைய முடிச்சைப் போல முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு, நுனியைப் பொசுக்கினான். “சரி, குளிங்கலே” என்றான் மற்றவர்களிடம்.

வெயிலுமுத்து இதை விடமாட்டான், இசக்கிபாண்டியை அவன் ஊர் நிறுத்தத்தில் மறிப்பான் என்று அன்று இரவே செண்பகராஜுக்குத் தெரிந்துவிட்டது. எச்சரிக்கத் திங்கட்கிழமை முழுவதும் அவனிடம் இருந்தது. இதைத்தான் பிற்பாடு அவனால் தாண்ட முடியவில்லை. கிணற்றுமேட்டில் நின்றது ஒரு நொடி. நொடியில் நடந்ததற்கு மனிதன் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். திங்கட்கிழமை ஒரு முழு நாள்.

காலையில் தொட்டிக்குப் பின்னால் இசக்கிபாண்டி அவன் கையைப் பார்த்தான்.

“என்ன மாப்ள, பழைய பூட்டு திரும்ப வந்துருக்கு?”

“அண்ணன் கட்டிட்டான்.”

“ஏன்?”

“சும்மா. நனைஞ்சுபோச்சுன்னு.”

இசக்கிபாண்டி தரையில் உட்கார்ந்து அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். பொசுங்கிய நுனியை நகத்தால் சுரண்டினான். வரவில்லை. குனிந்து பல்லால் நெம்பினான். அவன் மூச்சு செண்பகராஜின் உள்ளங்கையில் பட்டது. எச்சிலைத் துப்பிவிட்டு, “ஒங்கண்ணன் கட்டுன கயித்துல கப்பலக் கட்டலாம்லே” என்றான். மறுபடியும் குனிந்தான்.

சொல்லியிருக்கலாம். ‘இன்னைக்கு ஒங்க ஸ்டாப்புல எறங்காத’ என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால், தொட்டிக்குப் பின்னாலும் தான் நடித்துக்கொண்டிருப்பவனாகிவிடுவோம் என்று செண்பகராஜ் பயந்தான். வேஷம் இல்லாமல் இருந்த ஒரே இடம் அது. அதைக் காப்பாற்றிக்கொள்ள அங்கேயும் வேஷம் போட்டான். “விடு, சார் வந்துருவாரு” என்றான்.

முடிச்சு அவிழ்ந்தது. அன்றைக்கு இருவரும் நன்றாக ஆடினார்கள். ராஜமணி சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாலையில் இசக்கிபாண்டி வழக்கம்போலக் கயிற்றைக் கட்டினான். பண்டல் முடிச்சுப் போட்டு நுனியைச் சொருகினான். பிறகு தன் கையை நீட்டினான். செண்பகராஜ் முடிச்சைத் தப்பாகப் போட்டு, அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“என்னலே, வெள்ளிக்கெழமைக்கு இப்பவே பயமா?”

“ஆமா.”

“பயப்படாத. பந்த நிறுத்திட்டு நிமுந்து பாரு. நான் நிப்பேன்.”

அவன் முன்னால் போனான்.

பேருந்தில் செண்பகராஜ் கடைசி இருக்கையில் தன் ஊர்ப் பையன்களோடு உட்கார்ந்திருந்தான். இசக்கிபாண்டி முன் படிக்கட்டுப் பக்கம் நின்றான். அவனுடைய நிறுத்தத்தில் அன்றைக்கு அவன் ஒருவன்தான் இறங்கினான். வேலிக்கருவை மர நிழலில் வெயிலுமுத்துவும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். வழக்கமாக அந்த ஊர் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் டீக்கடை பூட்டியிருந்தது. பருத்தி எடுப்புக் காலம், எல்லோரும் காட்டில் இருந்தார்கள்.

நடத்துநர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. பின் கண்ணாடி வழியே, இசக்கிபாண்டி நின்று பேருந்தைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. ஓட முயலவில்லை. பக்கத்தில் இருந்த பையன் செண்பகராஜின் தொடையில் தட்டி, “ஒனக்காகத்தாம்லே” என்றான். செண்பகராஜ் சிரித்தான். ஊர்ச் சிரிப்பு. அது தானாக வந்தது.

அன்று பொழுது சாயும்போது வெயிலுமுத்து அவனைத் தேடி வந்தான். முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது.

“கிறுக்குப் பயலா இருக்காம்லே அவன். எங்க கயித்துமேல வச்ச கை எதுன்னு கேட்டேன். இல்லன்னு சொல்லுவான், கெஞ்சுவான்னு பாத்தேன். ஒரு வார்த்த பேசல. வலது கைய அவனே நீட்டுனாம்லே.”

மணிக்கட்டு எலும்பு பல இடத்தில் முறிந்திருந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். கை சேர்ந்தது, ஆனால் முன்போல மடங்கவில்லை.

இசக்கிபாண்டி ஒரு பெயர் சொல்லியிருந்தால் அந்த வாரம் ஒரு மணிக்கட்டோடு நின்றிருக்காது. கட்டிலைச் சுற்றி அவன் ஊர் ஆட்கள் நின்று, பெயருக்காகக் காத்திருந்தார்கள். அடித்தவர்கள் துண்டால் முகத்தை மூடியிருந்தார்கள், அடையாளம் தெரியவில்லை என்று போலீஸிடமும் அவர்களிடமும் ஒரே மாதிரி சொன்னான். ராஜமணி சார் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் செண்பகராஜை மைதானத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

“அவன் மாமாமாருக எல்லாரும் நின்னாங்க. ‘கூட ஆடுற செண்பகராஜ்னு ஒருத்தன், அந்தூர்க்காரன், அவனுக்கு இதுல சம்பந்தம் உண்டா’ன்னு கேட்டாங்க. ‘அப்பிடி ஒருத்தன எனக்குத் தெரியாது’ன்னுட்டான்.” விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். “நீ என்னலே சொல்லுத?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார்.”

இது பள்ளிக்கூடத்துக் குரல். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவனை மறுபடி அவர் எதுவும் கேட்கவில்லை.

இசக்கிபாண்டி சொன்னது இவனைக் காப்பாற்றுவதற்கா, இவனை அறுத்து எறிவதற்கா என்று செண்பகராஜ் பல வருடம் யோசித்திருக்கிறான். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவன் இறங்கினான். காலையில் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். பண்டல் முடிச்சு, திங்கட்கிழமை இசக்கிபாண்டி கடைசியாகப் போட்டது. நடுவில் ஸ்டிக்கைத் தொடாமல், அதை அவிழ்க்காமலே வைத்திருந்தான். நுனியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இழுக்காமல் இருந்தான். ஆட்டத்தில் பந்தைத் தடுத்தான், நிறுத்தினான், நிமிர்ந்து பார்த்தான். பந்தைத் தள்ளியபோது அது யாரும் இல்லாத இடத்துக்குப் போய்க் கோட்டைத் தாண்டியது. திரும்பத் திரும்ப அப்படியே நடந்தது. ஆள் எடுக்க வந்தவர்கள் அவன் பெயரைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்குப் போகவில்லை. இசக்கிபாண்டி பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை கயிறு கட்டிவிட ஆள் இல்லாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டே ஊர் போனான். வெயிலுமுத்து எதுவும் கேட்காமல் தானே கட்டிவிட்டான். கல்முடிச்சு. அது நைந்து, நிறம் போய், என்றைக்கோ அறுந்து விழுந்தது. எப்போது என்று செண்பகராஜ் கவனிக்கவில்லை.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். சில வருடம் அப்பாவோடு உளுந்துக் காட்டில் கிடந்தான். பரீட்சை எழுதி ரயில்வேயில் வேலை கிடைத்தது. மணியாச்சியில் பாயிண்ட்ஸ்மேன். கல்யாணம் ஆனது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு குரல், பெண் வீட்டாரிடம் ஒரு குரல், ஊருக்குப் போனால் பழைய குரல். எல்லாவற்றிலும் தேர்ச்சி வந்திருந்தது. அவன் மனைவி ஆனந்தி ஒருமுறை, “நீங்க எதுக்கும் இல்லன்னு சொல்ல மாட்டேங்கீங்க. ஆனா ஒங்களுக்கு என்ன வேணும்னே தெரிய மாட்டேங்கு” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்து, “எனக்கும் தெரியல” என்றான். அவள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

வெயிலுமுத்து திருப்பூரில் செட்டிலாகிவிட்டான். ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது செண்பகராஜ் பேச்சோடு பேச்சாக இசக்கிபாண்டியின் பெயரைச் சொன்னான். “எந்தப் பய?” என்றான் வெயிலுமுத்து. மறைக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை.

இரண்டாயிரத்து ஆறில், வெயில் தொடங்கியிருந்த ஒரு காலைப்பொழுது. தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் மணியாச்சியில் இறங்கி வண்டி மாறுவார்கள். செண்பகராஜ் கொடியைச் சுருட்டிக்கொண்டு நடைமேடையில் நின்றிருந்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“சார், தூத்துக்குடி பாசஞ்சர் எந்தப் பிளாட்பாரம் சார்?”

திரும்பினான். இடது தோளில் ஒரு பெண் குழந்தை. வலது கை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டு கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி இருந்தது. மீசை வைத்திருந்தான். மற்றபடி முகம் அதேதான். அவன் கண் ஒரு கணம் செண்பகராஜின் வெறும் மணிக்கட்டில் நின்று மேலே வந்தது. தெரிந்துகொண்டான். அதில் சந்தேகம் இல்லை. தெரிந்துகொண்ட பிறகும் அவன் முகம் மாறவில்லை. முன்பின் தெரியாத ரயில்வேக்காரரிடம் வழி கேட்பவனின் முகத்தையே அப்படியே வைத்திருந்தான். பணிவு, கொஞ்சம் அவசரம், ஒரு சின்னப் புன்னகை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ‘தெரியாது’ என்று சொன்ன வார்த்தையை அவன் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

பின்னால் அவன் மனைவி ஒரு துணிப்பையோடு வந்தாள். “அவியள்ட்ட கேட்டீயளா?”

“கேட்டுருக்கேன். சொல்லுவாவ.”

செண்பகராஜின் வாயில் மாப்ள என்ற வார்த்தை வந்து நின்றது. அதைச் சொல்வதற்குக் குரலைத் தேடினான். தொட்டிக்குப் பின்னால் இருந்த குரல் ஒன்று இருந்தது. அதை அவன் அதற்குப் பிறகு யாரிடமும் பயன்படுத்தியதில்லை. தேடிப் பார்த்தபோது அது இல்லை. இருந்தவை எல்லாம் மற்ற குரல்கள். அவற்றில் ஒன்று தானாகப் பேசியது.

“மூணாவதுங்க. பாலம் ஏறி எறங்கணும். நேரம் இருக்கு, மெதுவாப் போங்க.”

“ரொம்ப நன்றி சார்.”

குழந்தை அப்பாவின் தோள் வழியே இவனைப் பார்த்துக்கொண்டே போனது. அந்தப் பெண் கையில் இருந்த பையின் வாய் சணலால் கட்டியிருந்தது. செண்பகராஜ் அந்த முடிச்சைப் பார்த்தான். இரண்டு நுனியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எல்லோரும் போடுகிற சாதாரண முடிச்சு.